வீட்டுக் கடனும் கடன்தானா?

மகாபாரதத்தின் வனபர்வத்தில், பொய்கைக் கரையில் நடைபெறும் உரையாடல் நாம் அனைவரும் அறிந்ததே. தண்ணீர் தேடிச் சென்ற தம்பியர் நால்வரும் உயிரற்றுக் கிடக்கின்றனர். யட்சன் அடுக்கடுக்காகக் கேள்விகளைத் தொடுக்கிறான். தருமபுத்திரர் நிதானம் இழக்காமல் விடை கூறுகிறார். அக்கேள்விகளுள் ஒன்று: மகிழ்ச்சியுடன் வாழ்பவன் யார்?

தருமர் கூறிய விடையில் அரண்மனை இல்லை, பட்டாடை இல்லை, படைபலமும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகே உணவு கிடைத்தாலும், அதுவும் வெறும் கீரையாகவே இருந்தாலும், அதைத் தன் சொந்த வீட்டில் சமைத்து உண்பவன், எவருக்கும் கடன்படாதவன், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் அலையாதவன் மகிழ்ச்சியுடையவன் என்பதே அவர் சொன்னதன் கருத்து. சூதில் நாட்டையும் வீட்டையும் இழந்து, காட்டில் அலைந்துகொண்டிருந்த ஒருவர் கூறிய விடை இது. பட்டறிந்தவரின் வாக்கு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த விடையில் சொந்த வீடும் கடனின்மையும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. இன்றைய இல்லறத்தாரின் வாழ்விலோ இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. சொந்த வீடு வேண்டுமென்றால் கடன்பட வேண்டியிருக்கிறது. அந்தக் கடனை அடைப்பதற்காகவே பலர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் வேலை பார்க்கின்றனர். இதனால் சத்சங்கங்களிலும் குடும்பங்களிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "கடனில்லாத வாழ்வை நோக்கி முயல்கிறேன். மற்றக் கடன்களையெல்லாம் அடைத்துவிட்டேன். வீட்டுக் கடன் மட்டும் இருக்கிறது. அதையும் கடன் என்று கணக்கில் சேர்க்க வேண்டுமா?"

கேட்பவர் பெரும்பாலும் நேர்மையானவர். தவணை தவறாதவர். ஆகவே இக்கேள்வியைச் சிறிது ஆழ்ந்து சிந்திப்போம்.

சேர்க்க வேண்டாம் என்போரின் வாதம்

வீட்டுக் கடனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்போர் மூன்று காரணங்கள் கூறுவர். முதலாவது, வீடு ஒரு சொத்து; அதன் மதிப்பு கடனைவிட அதிகம்; என்று வேண்டுமானாலும் விற்று அடைத்துவிடலாம். இரண்டாவது, எங்கிருந்தாலும் வாடகை கொடுத்துத்தானே ஆகவேண்டும். தவணையும் ஒருவகை வாடகைதான். மூன்றாவது, ஊரில் எல்லோருக்கும் இது உண்டு. எல்லோருக்கும் உள்ளதைக் குறையாகக் கருதுவானேன்?

இவற்றில் உண்மை சிறிதும் இல்லை என்று கூற முடியாது. உண்டு அழித்த பொருளுக்காகப் பட்ட கடனும், தலைமுறைக்கு நிழல் தரும் வீட்டுக்காகப் பட்ட கடனும் ஒன்றல்ல. ஆயினும் இம்மூன்று காரணங்களும் வீட்டின் மதிப்பைப் பற்றியும் ஊரின் வழக்கத்தைப் பற்றியும் பேசுகின்றனவே தவிர, நாம் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசவில்லை.

கடன் என்பது அடிப்படையில் ஒரு வாக்கு. "இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இன்ன காலத்தில் இவ்வளவாகத் திருப்பித் தருவேன்" என்று ஒருவன் மற்றொருவனுக்குத் தரும் சொல். தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. பெற்ற பொருளும் செய்ய வேண்டிய செயலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயல் அன்று. பெற்றதைத் திருப்பித் தருவது கடமை என்பதை நம் மொழியே நமக்கு நினைவூட்டுகிறது.

அப்படியானால் அடமானம் எதற்காக? சொன்ன சொல் தவறினால் கடன் கொடுத்தவருக்கு ஒரு பிடி இருக்க வேண்டும் என்பதற்காக. வீட்டின் உரிமைப் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்துக் கடன் பெறுகிறோம். நம் நாட்டில் 2002 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கடன் வாராக்கடனாகிவிட்டால், வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, அதன் பிறகும் பணம் செலுத்தப்படாவிட்டால், வழக்குத் தொடராமலேயே வீட்டைத் தன்வசப்படுத்த முடியும். அடமானம் கொடுத்தவருக்குக் காப்பு. வாங்கியவருக்கு விலக்கு அன்று. "ஈடு கொடுத்திருக்கிறேன், ஆகவே எனக்குக் கடனில்லை" என்பது, "சாட்சி வைத்திருக்கிறேன், ஆகவே நான் சத்தியம் செய்யவில்லை" என்பதைப் போன்றது.

திருமலைப் பெருமான் நினைவுக்கு வருகிறார். பத்மாவதித் தாயாரை மணம் புரிவதற்காக ஸ்ரீநிவாசன் குபேரனிடம் கடன் பெற்றார் என்பதும், அதற்கு இன்றளவும் வட்டி செலுத்தி வருகிறார் என்பதும் பக்தர்கள் போற்றும் ஐதீகம். உண்டியலில் காணிக்கை செலுத்தும் எளிய பக்தர்கூட, 'சுவாமியின் கடனுக்கு என் பங்கு' என்று அன்புடன் எண்ணிக்கொள்கிறார். ஏழு மலைகளும் அவருடையவை. அலைமகளே அவர் மார்பில் உறைபவள். 'எனக்குச் சொத்து இருக்கிறது. இது கடனாகாது' என்று சொல்லும் தகுதி யாருக்கேனும் உண்டென்றால் அவருக்கே உண்டு. அவரோ கடனைக் கடன் என்றே ஏற்று நிற்கிறார். உலகுக்குரியவனே கணக்கிலிருந்து விலகாதபோது நாம் விலகலாமா?

சட்டம் விலக்கியதை அறம் சேர்த்தது

கல்கத்தாவின் பெருஞ்செல்வராக விளங்கிய துவாரகாநாத் தாகூர் 1846 ஆம் ஆண்டு லண்டனில் காலமானார். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் அவருடைய கார், தாகூர் கம்பெனி பெரும் கடனுடன் சரிந்தது. பொறுப்பு அவருடைய மூத்த மகன் தேவேந்திரநாத்தின் தோள்களில் விழுந்தது. பிற்காலத்தில் மகரிஷி என்று போற்றப்பட்டவரும், கவிஞர் இரவீந்திரநாத்தின் தந்தையுமான அவர் அப்போது முப்பது வயதை ஒட்டிய இளைஞர்.

துவாரகாநாத் முன்யோசனையுடன் குடும்பச் சொத்துகளின் ஒரு பகுதியை அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பாதுகாத்து வைத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் அவற்றைத் தொட முடியாது. "அவை தனி; கம்பெனியின் கடன் தனி" என்று தேவேந்திரநாத் கூறியிருந்தால் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் அவ்வாறு கூறவில்லை. பாதுகாக்கப்பட்ட சொத்துகளையும் சேர்த்து அனைத்தையும் கடன் கொடுத்தவர்கள்முன் வைத்தார். குடும்பத்தின் ஆடம்பரச் செலவுகளைக் குறைத்தார். அவருடைய நேர்மையைக் கண்டு நெகிழ்ந்த கடன்காரர்கள் அவகாசம் அளித்தனர். பல ஆண்டுகள் உழைத்துக் கடன்களை அடைத்தார். ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தருவதாகத் தந்தை வாக்களித்திருந்த ஒரு லட்சம் ரூபாயையும் அவர் மறவாமல் செலுத்தினார்.

எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி அவர்முன்னும் வந்தது. 'எதை விட்டுவிடலாம்?' என்று அவர் தேடவில்லை. 'எதைக் கொடுக்க வேண்டும்?' என்று தேடினார். சொத்து குறைந்தது, மனத்தின் சுமை நீங்கியது.

கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன நேரும்?

கணக்கிலிருந்து விலக்கப்பட்ட கடன் காணாமற் போவதில்லை. கவனிப்பாரின்றி வளர்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

30 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகள், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குச் செல்வது 22,500 ரூபாய். அசலில் குறைவது 4,492 ரூபாய் மட்டுமே. ஸ்ரீராமபிரான் வனவாசம் செய்த காலம் 14 ஆண்டுகள். அந்த 14 ஆண்டுகளும் ஒரு மாதம்கூடத் தவறாமல் செலுத்தி, 45 லட்சத்துக்கும் மேல் கொடுத்த பிறகும், அசலில் பாதி, அதாவது ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய், அப்படியே நிற்கும். இருபது ஆண்டுகளின் முடிவில் வட்டியாக மட்டும் சுமார் 34 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய் சென்றிருக்கும்.

இது யாரையும் அச்சுறுத்துவதற்காகக் கூறப்படவில்லை. வட்டியின் இயல்பு இது. ஆனால் "வீட்டுக் கடன் கடனல்ல" என்று எண்ணுபவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதேயில்லை. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தனது ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அப்போது பலருடைய தவணைத் தொகை மாறவில்லை. அதற்குப் பதிலாகத் தவணைக் காலம் நீண்டது. ஐம்பத்தெட்டு வயதில் முடியும் என்று நம்பியிருந்த கடன் ஓய்வு பெற்ற பின்னும் தொடரும் நிலை சிலருக்கு ஏற்பட்டது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்கு அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டவருக்கு அதனால் என்ன பயன்?

கடனைக் கணக்கில் சேர்க்காதவர் செய்யும் மற்றொரு பிழையும் உண்டு. திருமணச் செலவுக்கும் காருக்கும் சுற்றுலாவுக்கும் அதே வீட்டின்மேல் மேலும் கடன் வாங்குகிறார். வீட்டுக்கென்று பட்ட கடன் வீட்டை விழுங்கும் கடனாக மாறுகிறது.

எல்லாக் கடனும் ஒன்றா?

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கி, வீட்டுக் கடன் வாங்கியதைப் பாவம் செய்ததைப் போல எண்ணி உறக்கத்தை இழப்போர் இருக்கின்றனர். அவர்களுக்கும் நம் முன்னோர் வழிகாட்டியிருக்கின்றனர்.

தர்ம சாஸ்திரங்கள் எல்லாக் கடனையும் ஒரே தட்டில் நிறுத்தவில்லை. தந்தை குடும்பத்துக்காகப் பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் கடமை என்று கூறிய அவை, குடிக்காகவும் சூதாட்டத்துக்காகவும் பட்ட கடன் மகனைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கின. மகன் என்ற ஒரே காரணத்தால் தந்தையின் கடனுக்குப் பொறுப்பாக்கும் அந்தப் பழைய விதியை, 2005 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன்பின் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. எனினும் 'எதற்காகப் பட்ட கடன்?' என்று கேட்கும் அந்த விவேகம் இன்றும் நமக்குத் தேவை.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாதம் ஒன்றே கால் பணம் என்பதை அறத்துக்கு உகந்த வட்டியாகக் குறிப்பிடுகிறது. ஆண்டுக்கு அது 15 ஆகிறது. இன்று பல கிரெடிட் கார்டுகளில், செலுத்தாமல் விட்ட தொகைக்கு மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி கணக்கிடப்படுகிறது. வீட்டுக் கடனின் வட்டியோ கௌடில்யர் வகுத்த எல்லைக்குள் அடங்குகிறது. எனவே எதை முதலில் அடைக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. கிரெடிட் கார்டு, கைமாற்று, தனிநபர்க் கடன், நகைக் கடன் ஆகியவை முன்னே. வீட்டுக் கடன் அவற்றுக்குப் பின்னே. வரிசையில் கடைசியாக நிற்கிறது என்பதற்காக அது வரிசையிலேயே இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே கேட்டவருக்குரிய விடை இதுதான். "எனக்குக் கடன் இல்லை" என்று கூறாதீர்கள், அது உண்மையன்று. "வீட்டுக் கடன் தவிர வேறு கடன் இல்லை" என்று கூறுங்கள். அது உண்மை, தலைநிமிர்ந்து கூறத்தக்க உண்மை.

வங்கிக் கணக்கில் இல்லாத கடன்கள்

இங்கே எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடனை விரைவில் அடைக்க வேண்டும் என்ற வேகம் சிலரிடம் வெறியாகவே மாறிவிடுகிறது. ஊரில் இருக்கும் தாய்க்கு மாதந்தோறும் அனுப்பிய பணத்தை நிறுத்தி, அதை அசலில் சேர்ப்பவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் கல்விச் செலவைச் சுருக்கியும், வீட்டுப் பணியாளருக்கு உரிய ஊதியத்தை உயர்த்தாமலும் தவணையை முன்கூட்டி முடிப்பவரை எண்ணிப் பாருங்கள். இவர்கள் கடனை அடைக்கவில்லை. ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். வங்கி கேட்டு வாங்கும், தாய் கேட்கமாட்டாள். கேட்காதவருக்குரியதை நிறுத்தி, கேட்பவருக்குக் கொடுப்பது கடன் தீர்ப்பதாகுமா?

மனிதன் பிறக்கும்போதே மூன்று கடன்களுடன் பிறக்கிறான் என்கிறது வேதம். தேவர்களுக்குரியது தேவ ருணம். ஞானத்தைக் காத்துத் தந்த முனிவர்களுக்குரியது ரிஷி ருணம். உடலையும் குலத்தையும் தந்த முன்னோர்களுக்குரியது பித்ரு ருணம். இவற்றைத் தீர்த்த பிறகே மனத்தை மோட்சத்தில் நிறுத்த வேண்டும் என்பது மனுவின் கருத்து. இக்கடன்களுக்குப் பத்திரம் இல்லை, அடமானம் இல்லை, அறிவிப்புக் கடிதமும் வராது. எனினும் இவை கணக்கில் உண்டு. வீட்டுக் கடனைக் கணக்கில் சேர்க்கும் அதே நேர்மைதான் இவற்றையும் சேர்க்கச் சொல்கிறது.

கடன் தீர்ப்பதும் சாதனையே

இதைத் தினசரி வாழ்வில் எவ்வாறு கடைப்பிடிப்பது? கடன் தீர்ப்பதை ஒரு விரதமாக ஏற்றுக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை, விஜயதசமி போன்ற ஒரு நன்னாளில், மீதமுள்ள அசல், வட்டி விகிதம், மீதமுள்ள மாதங்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பூஜையறையில் வையுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளும் அதை அறியட்டும். குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால் கடன் குடும்பத்தை வீதியில் நிறுத்திவிடாதபடி, அதற்கு ஈடான ஆயுள் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊதியம் உயரும்போது அந்த உயர்வில் ஒரு பகுதியை அசலுக்கு அர்ப்பணியுங்கள். முன்பு கூறிய எடுத்துக்காட்டில், தொடக்கத்திலிருந்தே மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால், இருபது ஆண்டுக் கடன் ஏறக்குறைய பதின்மூன்றரை ஆண்டுகளில் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டிச் செலுத்துவதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. தேவையற்ற ஒரு செலவைத் தவிர்ப்பது தவம். தவிர்த்ததைக் கடனுக்குச் செலுத்துவது அத்தவத்தின் பயன்.

இன்னும் ஒன்று. "கடன் முடியட்டும், பிறகு ஜபம் செய்கிறேன், கடன் முடியட்டும், பிறகு பிறருக்கு உதவுகிறேன்" என்று தள்ளிப் போடாதீர்கள். தவணை வங்கிக்குச் செல்லும் நாளிலேயே, சிறிய தொகையானாலும், தருமத்துக்கென்று ஒன்றை எடுத்து வையுங்கள். இருபது ஆண்டுகள் இறைவனைக் காக்க வைத்துவிட்டு இருபத்தோராம் ஆண்டில் அவனை அழைக்கும் மனம் நமக்கு அப்போது இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

கடன் முழுவதும் தீர்ந்த பிறகு, அடமானமாகக் கொடுத்த மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ஒரு விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பத்திரங்கள் வீடு திரும்பும் நாளில் அவற்றை இறைவன் திருவடியில் வைத்து வணங்குங்கள். நாம் கொடுத்த வாக்கு அன்று நிறைவேறுகிறது. வீட்டுக்குள் நாம் புகுந்த நாளைப் போலவே அதுவும் கொண்டாடத்தக்க நாள்.

அதுவரை, கடன் இருக்கிறது என்பதை மறைக்காமலும், அதற்காக மனம் உடையாமலும், உரியவருக்கு உரியதைக் கொடுத்து வாழ்வோம். கொடுக்க வேண்டியதை மறவாத மனத்தையும், கொடுப்பதற்கு வேண்டிய உழைப்பையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.